லாயத்துக் கணக்கும் வீட்டுக் கணக்கும்

(படிப்பக ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

குதிரைப் பந்தயத்தைப் பற்றிப் பேச வேண்டுமென்று இப்படிப்பகத்துத் தோழர்கள் கேட்டுக்கொண்டபோது சற்றே தயங்கினேன். எளிதாகப் பேசி முடித்துவிடக்கூடிய பொருள் என்பதே என் தயக்கத்துக்குக் காரணம். சூது தீது, சூதாடுவோன் கெடுவான், பந்தயத் திடலை இழுத்து மூடுக என்று மூன்று வாக்கியங்களைச் சொல்லிவிட்டு, உங்கள் கையொலியையும் பெற்றுக்கொண்டு நான் மேடையை விட்டு இறங்கிவிடலாம். ஆனால், கையொலி ஓய்ந்த பிறகு கடைசி வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, "ஐயா, இருபது ஆண்டாக நான் லாயத்திலே குதிரை தேய்த்துப் பிழைக்கிறேன். திடலை மூடினால் என் பிள்ளைகளுக்கு யார் சோறு போடுவார்?" என்று கேட்டால் நாம் என்ன விடை சொல்வோம்? விடையில்லாமல் வீடு திரும்புவது நம் இயக்கத்துக்கு அழகாகுமா? அந்த விடையைத் தேடும் முயற்சியே இந்த உரை.

குதிரைப் பந்தயம் பெரியதொரு தொழில் என்கிறார்கள், அதனை நடத்துவோர். பொய்யென்று தள்ளிவிட முடியாது. பொழுது புலருமுன் கிண்டித் திடலுக்குச் சென்றால் காணலாம். குதிரையை நடத்திச் செல்வோர், உடல் தேய்ப்போர், லாடம் அடிப்போர், கொள்ளும் புல்லும் சுமந்து வருவோர், பயிற்சி தருவோர், உயிரைப் பணயம் வைத்துச் சேணத்தில் அமரும் ஜாக்கிகள், கால்நடை மருத்துவர்கள் என்று ஒரு சிற்றூரே அங்கே விழித்தெழுகிறது. அதற்கப்பால், குட்டிகளை ஈன்று வளர்க்கும் பண்ணைகள் இருக்கின்றன. கருநாடகத்துக் குணிகல் பண்ணை ஐதர் அலி, திப்பு சுல்தான் காலத்துத் தொடர்புடையது. இத்தனை பேர் உழைக்கிறார்கள், அரசுக்கும் வரி கிடைக்கிறது, ஆகவே இதில் கைவைக்காதீர் என்பது அவர்கள் வாதம். அண்மைக் காலத்தில் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறார்கள்: குதிரைக்கு அனுமதி உண்டென்றால் கிரிக்கெட்டுக்கு ஏன் இல்லை? எல்லா விளையாட்டுப் பந்தயங்களையும் சட்டபூர்வமாக்குங்கள். கருவூலம் நிரம்பி வழியும் என்கிறார்கள்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் மொழி. ஆகவே அளந்து பார்ப்போம்.

ஓர் ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். பஞ்சு உள்ளே போகிறது. துணி வெளியே வருகிறது. முதலாளி எடுத்துக்கொள்ளும் இலாபம் நியாயமா, தொழிலாளி பெறும் கூலி போதுமா என்று நாம் வழக்காடலாம். ஆயினும் துணி ஒன்று பிறந்திருக்கிறது. அதனை வாங்கியவன் மேனியிலே அது கிடக்கிறது. பந்தயத் திடலுக்குள்ளும் பணம் போகிறது. பணமே வெளியே வருகிறது. போனதைவிடக் குறைவாக வருகிறது! குறைந்த அந்தப் பங்கிலேதான் மன்றத்தின் செலவும், பரிசுத் தொகையும், அரசின் வரியும், லாயத்துத் தொழிலாளியின் கூலியும் அடங்கியிருக்கின்றன.

ஆங்காங் நகரத்துக் கணக்கைச் சொல்கிறேன். உலகிலேயே ஒழுங்காக நடக்கும் பந்தய அமைப்பு அங்கேதான் இருக்கிறதென்று பந்தய அன்பர்கள் போற்றுவர். அங்கே வெற்றிக் குதிரையின் மீது கட்டப்படும் பணத்தில் 100க்கு 17.5 பிடித்துக்கொண்டு, மீதி 82.5ஐத்தான் வென்றோருக்குப் பகிர்கிறார்கள். முதற் பந்தயத்திலே எல்லோருமாகச் சேர்ந்து 100 ரூபாய் கட்டினார்கள் என்று வையுங்கள். திரும்பியது 82 ரூபாய் 50 காசு. அதை அப்படியே அடுத்த பந்தயத்தில் கட்டினால் திரும்புவது 68 ரூபாய். இவ்வாறே எட்டுப் பந்தயம் ஓடி முடிகையில், கட்டியோர் அனைவர் கையிலுமாக எஞ்சுவது ஏறத்தாழ 21 ரூபாய்! இதிலே ஏமாற்று ஏதுமில்லை, கள்ளக் கணக்கு இல்லை. நேர்மையாக நடந்தாலே இதுதான் முடிவு. ஒருவன் வெல்லலாம், அவனுடைய படம் ஏட்டிலும் வரலாம். எல்லோரும் சேர்ந்து வெல்வது கணக்கு நூலிலேயே இல்லை.

பிரிட்டனைப் பாருங்கள். 1960இல் சட்டம் செய்து, 1961 மே முதல் நாளிலிருந்து தெருவுக்குத் தெரு பந்தயக் கடை திறக்க அந்நாடு இசைவு தந்தது. குதிரைத் தொழிலைக் காப்பதற்கென்று தீர்வை ஒன்றும் 1961இல் விதிக்கப்பட்டது. இன்று அத்தீர்வை எதன் மீது கணக்கிடப்படுகிறது தெரியுமா? புக்கிகளின் மொத்த இலாபத்தின் மீது, 10 விழுக்காடு. மொத்த இலாபம் என்பது, கட்டியோர் கட்டிய தொகையிலிருந்து அவர்களுக்குத் திருப்பித் தந்த தொகையைக் கழித்தால் எஞ்சுவது. வேறு சொல்லில் சொன்னால், மக்கள் தோற்ற பணம். மக்கள் மிகுதியாகத் தோற்றால் குதிரைத் தொழில் செழிக்கும். குறைவாகத் தோற்றால் மெலியும். சட்டத்திலேயே அப்படி எழுதி வைத்திருக்கிறார்கள். மறைத்துப் பேசாத அந்த நேர்மையையாவது பாராட்டுவோம்!

ஆங்காங்கிலே பந்தய மன்றம் இலாபம் கருதாத அமைப்பாயிற்றே, நகரத்திலேயே மிகப் பெரிய வரி செலுத்தும் நிறுவனமாயிற்றே, எஞ்சிய பணம் கல்விக்கும் மருத்துவத்துக்கும் போகிறதே என்பார்கள். உண்மை, மறுக்கவில்லை. ஆனால் மருத்துவமனை கட்டுவதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. உள்ளவரிடம் உள்ளதற்கேற்ப வரி வாங்கிக் கட்டலாம். தோற்றவனிடம் தோற்றதற்கேற்ப வாங்கிக் கட்டலாம். முதல் வழியிலே செல்வர் முகம் சுளிப்பர். இரண்டாவது வழியிலே எவரும் முகம் சுளிப்பதில்லை. ஏனெனில் தோற்றவன் வெட்கப்பட்டு வாய் திறப்பதில்லை. எளிய வழி என்பதாலேயே ஆட்சியாளர்க்கு அது இனிக்கிறது. நம்மைப் போன்றோர் ஐயுறவேண்டியதும் அதனாலேயே.

தோழர்களே! தொழிலின் பொருளாதாரச் சிறப்பைப் பேசுவோர் ஒரு கணக்கை மட்டும் பேசுவதில்லை. அது நிலத்தின் கணக்கு. கிண்டியில் 160 ஏக்கருக்கு மேற்பட்ட அரசு நிலம் 1946 முதல் 99 ஆண்டுக்குக் குத்தகையாகப் பந்தய மன்றத்துக்குத் தரப்பட்டது. ஒப்பந்தப்படி ஆண்டு வாடகை 614 ரூபாய்ச் சொச்சம். ஏக்கர் ஒன்றுக்கு ஆண்டுக்கு நாலு ரூபாய்கூட ஆகவில்லை! சைதாப்பேட்டையிலே ஒற்றை அறையில் குடியிருக்கும் ஏழை, ஒரு மாதத்துக்குத் தருவதில் எத்தனை ஏக்கர் கிடைத்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். வாடகையை உயர்த்த அரசு முனைந்தபோது வழக்கு எழுந்தது. 730 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட பாக்கியைச் செலுத்துமாறு 2023 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. 2024 ஜூனில் உதகையின் பந்தயத் திடலிலே 52 ஏக்கரையும், செப்டம்பரில் கிண்டி நிலத்தையும் மீட்க அரசு நடவடிக்கை எடுத்தது. மீண்டும் வழக்குகள். அவற்றின் முடிவை நீதிமன்றம் சொல்லட்டும். நான் கேட்பது ஒன்றே: நாலு ரூபாய் வாடகையிலே நிமிர்ந்து நின்ற தொழிலைத் தன் காலில் நின்ற தொழில் என்று எப்படிச் சொல்வது? மக்கள் நிலத்தை மலிவாகக் கொடுத்தது நாட்டுக்குப் பந்தயத் தொழில் செய்த உதவியா, பந்தயத் தொழிலுக்கு நாடு செய்த உதவியா?

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1888ஆம் ஆண்டின் சென்னை நகரக் காவல் சட்டமும், 1930ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டமும் பந்தயம் கட்டுவதைக் குற்றம் என்றன. ஆனால் ஒரு விதிவிலக்கு இருந்தது. குதிரை ஓடும் நாளில், திடலின் வேலிக்குள்ளே, அதற்கென்று ஒதுக்கிய இடத்தில் கட்டினால் குற்றமன்று! மூர் மார்க்கெட் ஓரத்திலே மூன்று சீட்டு விரித்தவன் கையில் விலங்கு. வேலிக்குள்ளே தொப்பியணிந்து நின்ற துரைக்கும் சீமானுக்கும் வணக்கம். செயல் ஒன்று, வேலி ஒன்று குறுக்கே நின்றது, குற்றம் மறைந்தது. வெள்ளையன் வைத்துச் சென்ற அந்த வேலியை அகற்ற 1949இலேயே சட்டத் திருத்தம் நிறைவேறிற்று. ஆயினும் நடைமுறைக்கு வராமல் கால் நூற்றாண்டுக் காலம் ஏட்டிலே உறங்கிற்று. 1974இல் கலைஞர் ஆட்சியில் குதிரைப் பந்தய ஒழிப்புச் சட்டம் பிறந்தது. 1975 மார்ச் 31 முதல் திருத்தமும் நடைமுறைக்கு வருமென அறிவிக்கப்பட்டது. மன்றம் வழக்குத் தொடுத்தது. 1986இல் எம்.ஜி.ஆர். ஆட்சி மன்றத்தையே அரசுடைமையாக்கச் சட்டம் செய்தது. அதற்கும் வழக்கு. 1996 ஜனவரி 12இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது: குதிரைப் பந்தயம் திறனின் பாற்பட்டது, சூதன்று, 1974ஆம் ஆண்டுச் சட்டம் அதனைக் கட்டுப்படுத்தாது, 1986ஆம் ஆண்டுச் சட்டம் செல்லாது.

தீர்ப்பை மதிக்கிறோம். மதித்துக்கொண்டே ஒன்று கேட்கலாமன்றோ? குதிரையின் குலம், அதன் எடை, முன்னர் ஓடிய ஓட்டம், ஜாக்கியின் தேர்ச்சி ஆகியவற்றை ஆய்ந்து கட்டுவது அறிவின் வேலை என்றது நீதிமன்றம். இருக்கலாம். ஆனால் திறன் உள்ளவனும் இல்லாதவனும் சேர்ந்தேதான் அந்த 17.5ஐக் கொடுக்கிறார்கள். திறன் உள்ளவன் வெல்வது எவனுடைய பணத்தை? திறன் இல்லாதவனுடைய பணத்தையே. சம்பள நாளன்று பந்தய ஏட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வரும் எழுத்தன், குதிரையின் பாட்டன் பெயரையும் மனப்பாடமாக அறிந்திருப்பான்; வீட்டுக்கு அரிசி எத்தனை நாளைக்கு வருமென்பதை அறிந்திருக்க மாட்டான். திறனா, வாய்ப்பா என்பது வழக்கறிஞர் கேள்வி. அரிசி வந்ததா என்பது வீட்டுக் கேள்வி.

வள்ளுவர் சூது என்னும் அதிகாரத்தை அறத்துப்பாலில் வைக்கவில்லை, பொருட்பாலில் வைத்தார். கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் நடுவிலே வைத்தார். சூது ஒருவனுடைய ஒழுக்கத்தோடு முடிவதன்று, அரசும் பொருளும் சம்பந்தப்பட்டது என்று அவர் கண்டார் போலும். கைப்பேசிச் சூது வந்தபோது நம் மாநிலம் அதையே உணர்ந்தது. தற்கொலைச் செய்திகள் வரிசையாக வந்தன. 2021இல் சட்டம் செய்தோம். உயர்நீதிமன்றம் அதனைத் தள்ளிற்று. நீதியரசர் சந்துரு தலைமையில் குழு அமைத்து, 2022இல் மீண்டும் சட்டம் செய்தோம். ஆளுநர் திருப்பியனுப்பினார், 2023 மார்ச்சில் மறுபடியும் நிறைவேற்றினோம், ஏப்ரலில் ஒப்புதல் வந்தது. 2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசும், திறனாயினும் வாய்ப்பாயினும் பணம் வைத்து இணையத்தில் ஆடுவதைத் தடுக்கும் சட்டத்தை இயற்றிற்று. திறன், வாய்ப்பு என்ற பழைய வேறுபாட்டை நாடாளுமன்றமே கைப்பேசி அளவிலாவது கைவிட்டது என்பது பொருள்.

இந்த இடத்திலே நம் முதுகையும் நாம் பார்த்துக்கொள்ள வேண்டும். 1968இல், அண்ணா முதல்வராக இருந்த காலத்தில், பரிசுச் சீட்டை அரசே நடத்தத் தொடங்கிற்று. வறண்ட கருவூலம், வளர்ச்சிப் பணிக்குப் பணம் வேண்டும் என்ற நல்ல நோக்கம்தான். நோக்கம் நல்லதாயினும், சீட்டு வாங்கியவன் கூலிக்காரனே என்பதை அனுபவம் காட்டிற்று. 1975இல் கலைஞர் ஆட்சியே அதனை நிறுத்திற்று. பின்னர் வந்த ஆட்சியில் மீண்டும் முளைத்தது. 2003இல் ஜெயலலிதா ஆட்சி பரிசுச் சீட்டு விற்பனையைத் தடை செய்தது. செய்தவர் யாராயினும் செயல் நல்லதென்றால் நல்லதென்போம். நாம் கற்ற பாடம் இது: சூதிலே பங்காளியான அரசு, சூதுக்குக் காவலாளியாக இருக்க முடியாது. வரவு குறையுமோ என்று அஞ்சுகிறவன் கதவைச் சாத்துவானா?

இனி, விளையாட்டுப் பந்தயங்கள் அனைத்தையும் சட்டபூர்வமாக்குக என்ற வாதம். 2016இல் நீதியரசர் லோதா குழு கிரிக்கெட் பந்தயத்துக்கு அவ்வாறு பரிந்துரைத்தது. 2018இல் சட்ட ஆணையம், தடுக்க முடியாதென்றால் ஒழுங்குபடுத்துக என்றது. மறைவிலே நடக்கும் கள்ளப் பந்தயத்தில் கோடிகள் புரள்கின்றன. வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் வரியும் கிட்டும், ஒழுங்கும் கிட்டும் என்பது வாதம். இதிலே உண்மையின் ஒரு துளி உண்டு. திடலிலே கட்டும் முழுத் தொகையின் மீதும் 28 விழுக்காடாக இருந்த சரக்கு சேவை வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 40 விழுக்காடாயிற்று. இத்தகைய வரி, கட்டுவோனைக் கள்ளப் புக்கியிடம் விரட்டுமென்று பந்தய மன்றத்தார் கூறுவது வெறும் புலம்பலன்று. வரியை மட்டும் ஏற்றிவிட்டுக் கள்ளப் புக்கியைக் கண்டும் காணாதிருப்பது கொள்கையாகாது.

ஆனால் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த நாட்டிலே என்ன நடந்தது? அமெரிக்காவைக் காண்போம். 1992ஆம் ஆண்டுச் சட்டமொன்று பெரும்பாலான மாநிலங்களில் விளையாட்டுப் பந்தயத்தைத் தடுத்து வைத்திருந்தது. நியூஜெர்சி மாநிலம் வழக்காடிற்று. நலிந்து கிடந்த குதிரைத் தொழிலுக்கு உயிர் தரவேண்டும் என்பது அம்மாநிலத்தில் எழுந்த பெருங்குரல். பந்தயக் குதிரைக்காரர்களின் சங்கமே வழக்கிலே ஒரு கட்சி. 2018 மே 14இல் உச்சநீதிமன்றம் தடைச் சட்டத்தை வீழ்த்திற்று. ஜூன் 14இல், மான்மத் பார்க் என்னும் குதிரைத் திடலிலே, ஆளுநரே முதற் பந்தயத்தைக் கட்டித் தொடங்கி வைத்தார். குதிரைத் தொழில் பிழைத்தது என்று ஆரவாரித்தார்கள். அடுத்த ஆண்டே, 2019இல், குதிரைப் பந்தயப் பரிசுத் தொகைக்காக ஆண்டுக்கு 2 கோடி டாலர் அரசு மானியம் தரச் சட்டம் செய்ய வேண்டி வந்தது! பந்தயப் பணத்தின் பெரும்பகுதி கைப்பேசிக்குப் போயிற்று. திடலைக் காக்கப் பிறந்ததாகச் சொன்ன சட்டம், திடலுக்கே வராமல் பந்தயம் கட்டும் வழியைத் திறந்துவிட்டது. குதிரைக்கென்று வாங்கிய கொள்ளைக் குதிரை தின்னவில்லை, தோழர்களே!

சூதின் தலைநகரமெனச் சொல்லத்தக்க மக்காவிலேகூடக் குதிரைப் பந்தயம் நட்டத்திலே நடந்து, 2024 ஏப்ரலில் முடிவுக்கு வந்தது. சூதுக்கு விலங்கில்லாத இடத்திலேயே குதிரை தளர்ந்தது எதனால்? விரலைத் தட்டினால் விநாடியில் முடிவு சொல்லும் சூதோடு, ஓடி முடிக்க ஒன்றிரண்டு நிமிடம் எடுக்கும் குதிரையால் போட்டியிட முடியவில்லை. எனவே எல்லாப் பந்தயத்தையும் திறந்துவிடுவது லாயத்துத் தொழிலாளிக்குக் காப்பு ஆகாது.

அப்படியானால் கடைசி வரிசைத் தோழருக்கு விடை என்ன? சிங்கப்பூரைப் பார்க்கச் சொல்வேன். 1842இல் தொடங்கிய பந்தய மன்றம் அங்கே இருந்தது. வீடு கட்ட நிலம் வேண்டும், திடலுக்கு வருவோரும் குறைந்தனர் என்று கூறி, 2023 ஜூனிலே அதனை மூடுவதாக அரசு அறிவித்தது. கடைசிப் பந்தயம் ஓடியது 2024 அக்டோபர் 5இல். கிராஞ்சியில் உள்ள 120 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தை ஒப்படைக்கக் குறித்த காலம் 2027 மார்ச். மன்றத்தில் வேலை பார்த்தோர் ஏறத்தாழ 350 பேர். அறிவிப்புக்கும் கடைசி ஓட்டத்துக்கும் இடையே பதினாறு மாதம். ஆட்குறைப்பைப் படிப்படியாகச் செய்வது, இழப்பீடு தருவது, வேறு வேலைக்குப் பயிற்றுவது என்று முன்கூட்டியே சொல்லப்பட்டது. அதுவே முழு நீதி என்று நான் சொல்ல வரவில்லை. எந்த நாளில் என்ன நடக்கும் என்று உழைப்பவனுக்கு முன்னரே தெரிந்தது. நம் நாட்டிலே? 1974இலிருந்து அரை நூற்றாண்டாகச் சட்டம், தடையாணை, தீர்ப்பு, குத்தகை, முத்திரை என்று மேலே இடி இடிக்கிறது. கீழே லாயத்திலிருப்பவன் நாளை வேலை உண்டா என்று தெரியாமலே கிழவனாகிவிட்டான்.

ஆகவே சொல்கிறேன். பந்தய மன்றத்தார் அவனைக் கேடயமாகப் பிடிக்கிறார்கள். ஒழிக்க விரும்பும் நாமோ அவனை மறந்துவிடுகிறோம். இரண்டும் பிழை. அவன் பெயரைச் சொல்லித் தொழிலைக் காப்போர், அவனுடைய கூலி என்ன, ஓய்வூதியம் என்ன, குதிரை உதைத்துக் கால் முறிந்தால் மருத்துவச் செலவு யார் பொறுப்பு என்பதை வெளியிடட்டும். மொத்தம் கட்டிய பணம் எவ்வளவு, திருப்பித் தந்தது எவ்வளவு, அரசுக்குச் சேர்ந்தது எவ்வளவு, லாயத்துக்குப் போனது எவ்வளவு என்று ஆண்டுதோறும் ஒரே ஏட்டில் அச்சிட்டுச் சட்டமன்றத்தில் வைக்கட்டும். அதற்குப் பிறகு பொருளாதாரச் சிறப்பைப் பற்றிப் பேசலாம்.

நாமும் ஒன்று செய்வோம். திடலை மூடுக என்று தீர்மானம் எழுதும்போது, அதன் முதல் பத்தியிலேயே தொழிலாளியை எழுதுவோம். லாயத்திலே உழைப்போர் அனைவர் பெயரும் பதிவேட்டில் ஏறட்டும். மீட்கப்படும் நிலத்திலே பூங்காவும் குளமும் அமைந்தால் முதல் வேலை அவர்களுக்கே ஆகட்டும். குதிரையின் நோயறிந்த கைகளுக்குக் கால்நடைத் துறையிலே இடம் இருக்கட்டும். குதிரையை அடக்கத் தெரிந்தவனுக்குக் காவல்துறையின் குதிரைப் படை லாயத்திலே இடம் இருக்கட்டும். முதியோருக்கு ஓய்வூதியம் அமையட்டும். வெள்ளத்திலே மிதக்கும் வேளச்சேரிக்குக் கிண்டிக் குளங்கள் எவ்வளவு தேவையோ, அவ்வளவு தேவை இதுவும்.

கடைசி வரிசையிலிருக்கும் தோழரே! உம்முடைய சோறு அடுத்த வீட்டுக்காரனின் தோல்வியிலிருந்து வரவேண்டியதில்லை. அவன் வீட்டு அடுப்பு அணைந்தால்தான் உம் வீட்டு அடுப்பு எரியும் என்ற ஏற்பாட்டை நீர் செய்யவில்லை. உம்மை அதிலே நிறுத்தி வைத்தவர் வேறு. அந்த ஏற்பாட்டை மாற்றும் நாளிலே உம்மைத் தெருவிலே விடமாட்டோம் என்பதை மேடைப் பேச்சாகத் தரவில்லை. தீர்மானத்தில் எழுதித் தர வேண்டும் என்று என் இயக்கத்தையே கேட்கிறேன். எழுதாமல் கூடிக் கலைந்தால், நாளை நீரே எங்களைக் கேளும்.